நாச்சஸ் மாளிகைகளின் பின்வாசல்



இம்முறை உங்களை அழைத்துச் செல்லும் ஊர் கடல் கடந்து வெகு தொலைவில் இருக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தில், அதே பெயர் கொண்ட பேராற்றின் கரையில் இருக்கும் நாச்சஸ் என்ற பழைய நகரம் அது. நம் நாட்டில் காலிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களைப் போல, அங்கும் பழைய வீடுகளைப் பார்க்கவென்றே ஆட்கள் வருகிறார்கள். வெள்ளைத் தூண்களும் அகன்ற விறாந்தைகளும் கொண்ட மாளிகைகள் அங்கே ஏராளம். பருத்தித் தோட்டங்களின் சொந்தக்காரர்கள் கட்டியவை.

என் தங்கை குடும்பத்துடன் லூசியானா மாநிலத்தின் பட்டன் றூஜ் நகரில் வசிக்கிறாள். அங்கிருந்து நாச்சஸ் ஏறக்குறைய 90 மைல். காலையில் புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். மச்சானுக்கு லீவு கிடைத்த ஒரு சனிக்கிழமை, சுபஹ் தொழுதுவிட்டுக் கிளம்பினோம். வழியில் ஹலால் சாப்பாடு தேடி அலைய வேண்டாமென்று தங்கை கட்லட்டும், பாணும், சீனிச் சம்பலும் கட்டி எடுத்துக் கொண்டாள்.

மாளிகைகளின் அழகைச் சொல்வது மட்டும் என் நோக்கமல்ல. அந்த ஊரில் நாற்பது வருடம் அடிமையாக வாழ்ந்த ஒரு முஸ்லிம் மனிதரின் சரித்திரத்தையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டிய சரித்திரம் அது.

ஆற்றோரத்து மேடு

61ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிப் போகும்போது இரு புறமும் மரங்கள். கிளைகளில் இருந்து நரைத்த தாடி போல ஒரு வகைப் பாசி தொங்குகிறது. தங்கையின் மகள் அதைக் காட்டி, "பெரியம்மா, இந்த மரமெல்லாம் அப்பாமார்" என்று சிரித்தாள்.

நாச்சஸ் நகரம் ஆற்றுக்கு மேலே சுமார் 200 அடி உயரமான மேட்டில் அமைந்திருக்கிறது. மேட்டின் ஓரத்தில் நின்று பார்த்தால் கீழே பரந்த ஆறு மண் நிறத்தில் மெதுவாக ஓடுகிறது. அக்கரை லூசியானா. அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான நிலம். செல்வந்தர்களின் வீடுகள் இக்கரை மேட்டில் இருந்தன. அவர்களுடைய பருத்தி வயல்களில் பெரும்பகுதி அக்கரைத் தாழ்நிலத்தில் இருந்தது. வெள்ளமும் காய்ச்சலும் அங்கே; காற்றும் நிழலும் இங்கே. நாச்சஸின் மாளிகைகளைச் சுற்றிப் பார்க்கும்போது வயல்களோ, வயலில் வேலை செய்தவர்களின் குடிசைகளோ அதிகம் கண்ணில் படாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஊருக்குப் பெயர் தந்தவர்கள் நாச்சஸ் என்ற பூர்வீகக் குடிகள். பிரெஞ்சுக்காரர்கள் 1716ஆம் ஆண்டு இங்கே றொசாலி என்ற கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய நிலப் பேராசை தாங்காமல் 1729ல் நாச்சஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பிரெஞ்சுக்காரர் அந்தச் சமூகத்தையே சிதறடித்தார்கள். பிடிபட்ட பல நூறு பேரை இன்று ஹெய்ட்டி எனப்படும் தீவுப் பகுதிக்கு அடிமைகளாக விற்றுவிட்டார்கள். அம்மக்கள் எழுப்பிய மண்மேடுகளை நகரத்தின் ஒரு பகுதியில் இப்போதும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பின்னர் பிரிட்டிஷாரும், ஸ்பானியரும் ஆண்டு, 1798ல் ஊர் அமெரிக்கர் கைக்கு வந்தது.

அந்தக் காலத்தில்தான் பருத்தி வந்தது. பருத்தியில் இருந்து கொட்டையைப் பிரிப்பது பெரும்பாடான வேலை. ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்து கையால் பிரித்தாலும் ஓர் இறாத்தல் அளவே கிடைக்கும். 1793ல் ஈலை விட்னி என்பவர் அமைத்த இயந்திரம் ஒரே நாளில் 50 இறாத்தல் பிரித்துத் தந்தது. வேலை குறைந்தால் வேலையாட்களுக்கு நிம்மதி என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது நேர்மாறு. கொட்டை பிரிக்கும் வேலை இலகுவானதும் எல்லோரும் மேலும் மேலும் பருத்தி பயிரிட்டார்கள். நிலம் வெட்டவும், களை பிடுங்கவும், பஞ்சு பறிக்கவும் மேலும் மேலும் அடிமைகளை வாங்கினார்கள். 1860ல் மிசிசிப்பி மாநிலத்தின் சனத்தொகை 7,91,305. அவர்களில் 4,36,631 பேர் அடிமைகள்!

மெல்றோஸ் மாளிகை

நாங்கள் முதலில் பார்த்தது மெல்றோஸ் என்ற மாளிகை. ஜோன் மக்மறன் என்ற சட்டத்தரணி 1840களில் கட்டியது. அவர் தோட்டச் சொந்தக்காரரும் கூட. இன்று இது 1988ல் உருவாக்கப்பட்ட நாச்சஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதியாக, அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதனால் முன் மண்டபத்தையும் காட்டுகிறார்கள், பின்வளவையும் காட்டுகிறார்கள்.

சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் மேசைக்கு நேர் மேலே பெரியதொரு மரப்பலகை தொங்கிக் கொண்டிருந்தது. அழகாகச் செதுக்கப்பட்ட மஹோகனிப் பலகை. வழிகாட்டிப் பெண்மணி அதன் பெயரைச் சொன்னதும் தங்கை என் கையைப் பிடித்தாள். "தாத்தா, கேட்டீங்களா? பங்கா என்டுதான் சொல்றாங்க!"

ஆம், நம் பாட்டிமார் சொன்ன அதே பங்காதான். இந்தியாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும் வெள்ளைக்காரத் துரைமார் வாயிலாக உலகம் சுற்றிய சொல். கச்சேரியிலும் துரை பங்களாவிலும் கயிறு இழுத்தவர்களைப் பற்றி நாம் கேட்டிருக்கிறோம். மெல்றோஸில் அந்தக் கயிற்றை இழுத்தவர் ஓர் அடிமை. விருந்தினர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை ஈ அண்டாமலும், மெழுகுவர்த்தி அணையாமலும், ஒரே சீராக இழுத்துக் கொண்டு அறையின் ஓரத்தில் நிற்க வேண்டும். மேசையில் பேசப்படும் எல்லாமே அவர் காதில் விழும். அவருடைய உறவினர் ஒருவரை விற்பது பற்றிய பேச்சும் அதில் இருந்திருக்கலாம்.

வீட்டின் பின் விறாந்தைக்குப் போனோம். அங்கே மணிகள் தொங்குகின்றன. அறைக்கு அறை இழுக்கும் கயிறு. எந்த மணி அடிக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே அறிந்து, அந்த அறைக்கு ஓட வேண்டும். இரவு பகல் என்ற பேதம் மணிக்குக் கிடையாது.

குசினி வீட்டுக்குள் இல்லை. பின்வளவில் தனிக் கட்டடமாக இருக்கிறது. தீ பிடித்தாலும், புகை வந்தாலும், சூடு ஏறினாலும் மாளிகைக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. அங்கே சமைத்த கறியைத் தட்டில் ஏந்தி, வளவைக் கடந்து, ஆறாமல் மேசைக்குக் கொண்டு வர வேண்டும். சமையல் தெரிந்த நமக்கு இதைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. இலைதுளிர் காலத்திலேயே வியர்க்கும் ஊர் அது. ஆடி ஆவணி மாத வெக்கையில் அந்த அடுப்படியில் நின்ற பெண்ணின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அதற்கும் அப்பால் அடிமைகளின் குடில்கள். நம் மலைநாட்டு லயக் காம்பராக்களைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் அளவு அதிசயமாக இராது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நம் தோட்டத் தொழிலாளர்கள் கடனாலும் சட்டத்தாலும் கட்டிப் போடப்பட்டு எவ்வளவோ கொடுமை அனுபவித்தார்கள். என்றாலும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துச் சந்தையில் விற்கும் உரிமை எந்தத் துரைக்கும் இருக்கவில்லை. மிசிசிப்பியில் அந்த உரிமை சட்டப்படி இருந்தது.

மெல்றோஸில் கேட்ட இன்னொரு விடயமும் மனதில் நின்றது. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு வீடு கைமாறியது. புதிய சொந்தக்காரர்கள் பல காலம் அங்கே குடியிருக்கவில்லை. அந்த ஆண்டுகளில் வீட்டையும் தளபாடங்களையும் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்தவர்கள் முன்னாள் அடிமைப் பெண்கள் இருவர். இன்று சுற்றுலாப் பயணிகள் வாய் பிளந்து பார்க்கும் கதிரை மேசையெல்லாம் அவர்கள் தூசு தட்டிக் காத்தவை.

முடியாத மாளிகை

அடுத்துப் போனது லோங்வூட். எட்டு மூலை கொண்ட ஆறு அடுக்குக் கட்டடம். உச்சியில் வெங்காய வடிவில் ஒரு குப்பா. மரங்களுக்கிடையில் அதைக் கண்டதும் மருமகள், "உம்மா, பள்ளி!" என்று கத்திவிட்டாள். அந்தக் காலச் செல்வந்தர்களுக்குக் கீழைத்தேசக் கட்டடங்களின் மேல் ஒரு மோகம். ஹாலர் நட் என்ற தோட்டச் சொந்தக்காரர் 1860ல் இதைக் கட்டத் தொடங்கினார். 32 அறைகள் கட்டத் திட்டம். 1861ல் போர் மூண்டது. வடக்கே பிலடெல்பியாவில் இருந்து வந்திருந்த கைவினைஞர்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். கீழ்த் தளத்தில் 9 அறைகள் மட்டுமே முடிந்தன. 1864ல் ஹாலர் நட் மரணமானார். மனைவி ஜூலியா பிள்ளைகளோடு அந்தக் கீழ்த் தளத்திலேயே காலம் தள்ளினார்.

மேல் மாடிக்கு ஏறிப் பார்த்தோம். வெறும் செங்கல்லும் மரச் சட்டங்களும்தான். வேலைக்காரர்கள் விட்டுச் சென்ற பொருட்கள் சில இன்னும் கிடக்கின்றன. ஆணி அடிக்காத பலகையைக் காட்டி ஒரு சாம்ராஜ்யத்தின் முடிவை விளக்குவது போல இருந்தது.

நாச்சஸ் நகரம் பெரிய சண்டையின்றி வடக்குப் படையிடம் சரணடைந்ததால் மற்றைய மாளிகைகள் எரியாமல் தப்பின. 1932 முதல் ஊர்ப் பெண்கள் வசந்த காலத்தில் வீடுகளைத் திறந்து, பழங்காலத்துக் குடைப் பாவாடை உடுத்தி, காசுக்குக் காட்டத் தொடங்கினார்கள். பொருளாதார நெருக்கடி மிகுந்த அக்காலத்தில் அது ஊருக்குச் சோறு போட்டது. அந்தப் பெண்களின் முயற்சியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெகு காலம் வரை அந்த விழாவில் பின்வளவின் கதைக்கு இடம் இருக்கவில்லை.

பாதைகள் பிரியும் இடம்

லுஹரையும் அஸரையும் ஆற்றோரப் புல்வெளியில் சேர்த்துத் தொழுதோம். சாப்பாட்டை முடித்துக் கொண்டு நகரின் கிழக்கே ஒரு மைல் அளவு போனோம். இரண்டு பாதைகள் சந்திக்கும் சந்தி. அங்கே மாளிகை எதுவும் இல்லை. ஒரு புல் திடல். சில விளக்கப் பலகைகள். நிலத்துச் சீமெந்தில் புதைத்து வைத்திருக்கும் இரும்பு விலங்குகள். அவ்வளவுதான்.

ஆழ்தென்பகுதியில் நியூ ஓர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை இருந்த இடம் இது. வெளிநாட்டில் இருந்து அடிமைகளைக் கொண்டு வருவதை அமெரிக்கா 1808ல் தடை செய்தது. அதன் பின்னர் வியாபாரம் உள்நாட்டிலேயே நடந்தது. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்களில் வாங்கி, இங்கே கொண்டு வந்து விற்றார்கள். சிலர் கப்பலில் வந்தார்கள். பலர் சங்கிலியில் பிணைக்கப்பட்டு ஆயிரம் மைல் வரை கால்நடையாக வந்தார்கள். 1790 முதல் 1860 வரை இவ்வாறு இடம் பெயர்க்கப்பட்டவர்கள் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

1833ல் கொலராப் பயம் ஏற்பட்டதால், நகர எல்லைக்குள் இந்த வியாபாரம் வேண்டாமென்று நகரசபை தீர்மானித்தது. நோய்க்குத்தான் பயந்தார்கள், பாவத்துக்கு அல்ல. வியாபாரிகள் எல்லைக்கு வெளியே இந்தச் சந்திக்கு வந்தார்கள். இங்கே ஏலம் கூறுவதில்லை. கடையில் சாமான் பார்ப்பதைப் போல, வரிசையாக நிறுத்தப்பட்டவர்களைச் சுற்றிப் பார்த்து, பல்லையும் கையையும் சோதித்து, பேரம் பேசி வாங்குவார்கள். நல்ல விலை போவதற்காகப் புது உடுப்பும் உடுத்தி வைத்திருப்பார்கள்.

1863ல் வடக்குப் படை வந்ததும் சந்தை மூடப்பட்டது. அந்தப் படையில் சேர்ந்த கறுப்பின வீரர்கள் அடிமைக் கொட்டில்களை உடைத்துப் பிரித்து, அந்தப் பலகைகளைக் கொண்டு தமக்குத் தங்குமிடம் கட்டிக் கொண்டார்கள். 2021ல் இந்த இடமும் தேசியப் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. ஊரின் மாளிகைகளுக்குக் கிடைத்த மரியாதை இந்தச் சந்திக்குக் கிடைக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அப்துர் றஹ்மானின் நாற்பது வருடங்கள்

சகோதரிகளே, இனி நான் சொல்ல வந்த மனிதரிடம் வருகிறேன்.

அப்துர் றஹ்மான் இப்றாஹீம் 1762ல் பிறந்தவர். மேற்கு ஆபிரிக்காவில் இன்று கினி எனப்படும் நாட்டில், பூத்தா ஜலோன் என்ற முஸ்லிம் அரசு அப்போது இருந்தது. திம்போ அதன் தலைநகர். அதன் தலைவரான இப்றாஹீம் சோரியின் மகன் இவர். திம்புக்து வரை சென்று மார்க்கக் கல்வி கற்றவர்.

1781ல் ஜோன் கோட்ஸ் கொக்ஸ் என்ற ஐரிஷ் கப்பல் வைத்தியர் கரையில் இறங்கி வழி தவறிவிட்டார். கப்பல் போய்விட்டது. நோயாளியாகத் திம்போவுக்குக் கொண்டு வரப்பட்ட அவரைச் சோரியின் குடும்பம் ஆறு மாதம் அளவு வீட்டில் வைத்துப் பராமரித்தது. சுகமானதும் காவலாட்களோடு கடற்கரைக்கு அனுப்பி வைத்தது. இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

1788ல் குதிரைப் படைக்குத் தலைமை தாங்கிச் சென்ற அப்துர் றஹ்மான் எதிரிகளிடம் சிக்கினார். அப்போது வயது 26. அடிமை வியாபாரிகளுக்கு விற்கப்பட்டு, கம்பியா ஆற்றில் இருந்து கப்பல் ஏற்றப்பட்டார். டொமினிக்கா, நியூ ஓர்லியன்ஸ் வழியாக நாச்சஸ் வந்து சேர்ந்தார். தோமஸ் ஃபொஸ்டர் என்ற விவசாயி அவரை விலைக்கு வாங்கினார். என் தந்தை பொன் கொடுத்து என்னை மீட்பார் என்று அவர் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அரச மகன் என்று சொன்னதால் 'பிரின்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு முறை தப்பி ஓடி, காட்டில் பல நாள் அலைந்தார். போவதற்கு வழியில்லை, நடுவே ஒரு சமுத்திரம் அல்லவா? திரும்பி வந்தார்.

ஃபொஸ்டரின் பருத்தித் தோட்டம் அவருடைய உழைப்பாலும் வளர்ந்தது. 1794ல் இஸபெல்லா என்ற அடிமைப் பெண்ணை மணந்தார். ஒன்பது பிள்ளைகள். அவர்கள் எல்லோரும் சட்டப்படி ஃபொஸ்டரின் சொத்து!

1807ஆம் ஆண்டு. நாச்சஸுக்குக் கிழக்கே ஆறு மைல் தூரத்திலுள்ள வொஷிங்டன் என்ற சிற்றூரின் சந்தையில் அப்துர் றஹ்மான் வற்றாளைக் கிழங்கு விற்றுக் கொண்டிருந்தார். குதிரையில் வந்த ஒரு வெள்ளைக்காரர் அவரைக் கண்டு திகைத்து நின்றார். ஆம், அதே வைத்தியர் கொக்ஸ்! உலகத்தின் மறுகோடியில், இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கழிந்து, தன்னைக் காப்பாற்றிய குடும்பத்தின் பிள்ளையை அடிமையாகக் கண்டார். விடுதலைக்காக ஆயிரம் டொலர் தருவதாக அவர் ஃபொஸ்டரிடம் கேட்டார். ஃபொஸ்டர் மறுத்துவிட்டார். கொக்ஸ் 1816ல் இறக்கும் வரை முயன்றார். அவருக்குப் பின் அவருடைய மகனும் முயன்றார். பலிக்கவில்லை.

1826ல் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் அன்றூ மார்ஷோக்கின் உதவியோடு அப்துர் றஹ்மான் அரபியில் ஒரு கடிதம் எழுதினார். அரபி எழுதுகிறவர் என்பதால் அவரை மொறோக்கோ நாட்டவர் என்று எண்ணி, கடிதத்தை அங்கே அனுப்பினார்கள். அந்தத் தவறே நன்மையாக முடிந்தது. மொறோக்கோ சுல்தான் அவருடைய விடுதலையைக் கேட்டார். வெளியுறவுச் செயலாளர் ஹென்றி கிளேயும், ஜனாதிபதி ஜோன் குவின்சி அடம்ஸும் தலையிட்டார்கள். 1828ல் ஃபொஸ்டர் இணங்கினார். ஒரு நிபந்தனை: அவர் அமெரிக்காவில் சுதந்திர மனிதனாக வாழக் கூடாது, ஆபிரிக்காவுக்கே போய்விட வேண்டும்.

இஸபெல்லாவின் விலை 200 டொலர் என்றார் ஃபொஸ்டர். ஊர் மக்கள் 293 டொலர் சேர்த்துக் கொடுத்தார்கள். மனைவி மீட்கப்பட்டார். பிள்ளைகள்? ஒன்பது பேரும் தோட்டத்திலேயே நின்றார்கள்.

66 வயதில் அந்த மனிதர் வடக்கு நகரங்களில் ஊர் ஊராகப் போய், மேடையேறித் தன் கதையைச் சொல்லி, பிள்ளைகளை மீட்கப் பணம் சேர்த்தார். ஜனாதிபதியையும் நேரில் சந்தித்தார். கிறிஸ்தவர்களின் பிரார்த்தனையை அரபியில் எழுதித் தாருங்கள் என்று அவரிடம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார். அரபி தெரிந்தவர்கள் பிற்காலத்தில் அந்தத் தாளைப் பார்த்தபோது, அதில் இருந்தது சூறா அல்-பாத்திஹா!

நாற்பது வருடம் கிதாபு இல்லை, ஜமாஅத் இல்லை, பள்ளி இல்லை. வயலில் மண்வெட்டி பிடித்த கை அது. சின்ன வயதில் ஓதிக் கொடுத்தது அழியாமல் இருந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஓதல் சொல்லிக் கொடுக்கும்போது இது என் நினைவுக்கு வருகிறது.

1829 பெப்ரவரியில் அவரும் இஸபெல்லாவும் கப்பலேறி லைபீரியாவின் மொன்றோவியாவை அடைந்தார்கள். திம்போ இன்னும் பல நாள் பயணம். மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருந்தபோது காய்ச்சல் கண்டு, 1829 ஜூலை 6ஆம் திகதி வபாத்தானார். சொந்த ஊரையும் காணவில்லை, பிள்ளைகளையும் காணவில்லை. அவர் சேர்த்த பணத்தைக் கொண்டு இரண்டு ஆண்மக்களும் அவர்களுடைய குடும்பமும், மொத்தம் எட்டுப் பேர், மீட்கப்பட்டு 1830ல் மொன்றோவியாவில் தாயிடம் வந்து சேர்ந்தார்கள். மற்றப் பிள்ளைகள் ஃபொஸ்டரின் வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தை டெரி அல்போர்ட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1977ல் விரிவான நூலாக எழுதினார். வாய்ப்புள்ளவர்கள் தேடி வாசியுங்கள்.

நம் வீட்டுக் குசினியில்

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா அவர்களுடைய கொடுமையை" என்று நாம் கைகழுவிவிட முடியாது. உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். பூத்தா ஜலோன் அரசிலும் அடிமைகள் இருந்தார்கள். போரில் பிடித்தவர்களை அவர்களும் விற்றார்கள். நம் இலங்கையிலும் அடிமைத்தனம் இருந்தது. சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844ல்தான். அக்பர் பள்ளி இருக்கும் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரின் பொருளே 'அடிமைத் தீவு' என்பதை மறந்துவிடக் கூடாது.

மாளிகையைச் சுற்றிப் பார்த்துக் கொண்டிருந்தபோது தங்கை ஒரு வார்த்தை சொன்னாள். "தாத்தா, இந்த மணியப் பாத்ததும் எனக்கு நம்மட ஊர்ப் பொம்புளையள்ட ஞாபகம்தான் வருது." அவள் சொன்னது மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போன நம் சகோதரிகளை. சம்பளம் வாங்கிப் போகிறவர்களை அடிமைகளோடு சேர்த்துப் பேச முடியாது. நல்ல வீடுகளில் மரியாதையாக நடத்தப்பட்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் பாஸ்போட்டை எசமானி வாங்கி வைத்துக் கொள்வதும், நேரம் காலமின்றி அழைப்பதும், பெற்ற பிள்ளையின் குரலைக் கேட்க அனுமதி கேட்க வேண்டியிருப்பதும் நமக்குத் தெரியாத கதைகள் அல்ல. நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணின் நிலை என்ன? அவளுக்குத் தனிக் கோப்பை, ஆறிய சோறு, படுக்கக் குசினி மூலை என்று வைத்திருக்கும் வீடுகள் நம் மத்தியிலும் இல்லையா? நாம் உண்பதையே பணியாளருக்கும் உண்ணக் கொடுக்க வேண்டும், தாங்க முடியாத வேலையைச் சுமத்தக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அதை எத்தனை வீடுகளில் காண்கிறோம்?

அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருக்கும் வாசகிகள் நாச்சஸுக்கு ஒரு முறை போய் வாருங்கள். ஒரு நாளில் எல்லா வீடும் பார்க்க முடியாது. இரண்டு மாளிகை போதும். மெல்றோஸைக் கட்டாயம் பாருங்கள், பின்வளவு வரை நடந்து பாருங்கள். மாலைக்கு முன்னர் அந்தச் சந்தைத் திடலுக்குப் போங்கள். பெரும்பாலான பயணிகள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்துர் றஹ்மான் கிழங்கு விற்ற வொஷிங்டன் ஊரும் அந்தப் பக்கம்தான். பிள்ளைகளை வாகனத்தில் உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். கூட்டிக் கொண்டு போய் அவரின் கதையைச் சொல்லுங்கள்.

இங்கே இருக்கும் நாமும் நுவரெலியா துரை பங்களாவையோ, காலியில் ஒல்லாந்தர் வீட்டையோ பார்க்கப் போகும்போது, முன்மண்டபத்தோடு திரும்பிவிடாமல், இந்த வீட்டில் சமைத்தது யார், தண்ணீர் சுமந்தது யார் என்று ஒரு கேள்வி கேட்போம்.

அடுத்த மாதம் வேறோர் ஊரில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.